பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இங்கே பலெர்மோவில் இப்போது பின்னேரம் ஐந்து மணி. கனடாவில் இருப்பவர்கள் காலைத் தேத்தண்ணியோடு இருப்பீர்கள். அவுஸ்திரேலியாவில் நித்திரையை விட்டுக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

நான் பேசிக்கொண்டிருப்பது ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து. பலெர்மோ நகரத்தின் மேற்கு விளிம்பில் உள்ள கடற்கரை ஊர். மீனவர் ஊர் என்றுதான் பெயர், ஆனால் இப்போது வீதி முழுக்க மீன் சாப்பாட்டுக் கடைகள். செப்டெம்பர் கடைசியில் புனித கொஸ்மாஸ், தமியான் இருவரின் பெருவிழா நடக்கும். வெறுங்காலோடு ஆட்கள் சுரூபங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆடுவார்கள். அந்த இரண்டு பேரும் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த சகோதரர்கள். காசு வாங்கி வயதானவர்களைப் பராமரிக்கும் எனக்கு, அந்தத் திருவிழாவில் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும்!

யாழ்ப்பாணத்தில் மூன்று வருடத் தாதியர் டிப்ளோமா முடித்து, வடக்கில் அரச வைத்தியசாலைகளில் சில வருடம் வேலை செய்தேன். பிறகு கல்யாணம், இத்தாலி, பிள்ளைகள். இடையில் கொஞ்சம் எழுத்து. ஏற்பாட்டாளர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'ஆவணமும் கதையும்'. நான் அதை ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொண்டேன். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த ஆளின் பெயர் எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது? அந்தப் புத்தகத்தை யார் பார்க்கலாம்? கொழும்பிலிருந்து தூரத்தில், வன்னியிலோ மன்னாரிலோ ஒரு ஒழுங்கையில் பிடிபட்டவரைத் தேடுகிற தாய்க்கு அந்தப் புத்தகம் எப்படிக் கிடைக்கும்?

நான் சட்டத்தரணி அல்ல. புத்தகம் எழுதுகிற ஆள் என்பதைவிட, புத்தகம் நிரப்பின ஆள் என்று சொன்னால் பொருத்தம். ஒரு தாதியின் நாளில் பாதி, எழுத்துத்தான். அனுமதிப் புத்தகம், ரிப்போர்ட் புத்தகம், மருந்துப் புத்தகம், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெட் ஹெட் டிக்கெட். பொலிஸ் கொண்டுவருகிற நோயாளி என்றால் அதற்கு மேலே இன்னொரு தாள் வரும். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம். பொலிஸார் தங்கள் பகுதியை நிரப்பிக் கொடுப்பார்கள், வைத்தியர் காயங்களை எழுதுவார். எந்த நிலையத்திலிருந்து, என்ன திகதி, எத்தனை மணி, கொண்டுவந்த அதிகாரியின் இலக்கம், எல்லாம் அதில் வரும். எங்களுக்கு அது ஒரு கூடுதல் வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் எழுதாமல் விட்ட கைதுகூட, ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் வாட்டுப் புத்தகத்தில் வந்துவிடும். நோய் ஒரு சாட்சி. அதைப் பொய் சொல்ல வைப்பது கஷ்டம்.

2008இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். ஆண்கள் வாட்டில் ஒரு இளைஞன், காலில் விலங்கு, கட்டிலோடு பூட்டு. பக்கத்தில் காவலுக்கு இரண்டு பேர். மூன்றாம் நாள் விடியவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு அம்மா வந்தா. கையில் பொலித்தீன் பை. மகனின் பெயரைச் சொன்னா. புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. பொறுப்புத் தாதி இரண்டு முறை தேடினா. இல்லை. அம்மா போகவில்லை, வராந்தாவில் குந்திக்கொண்டிருந்தா. "தங்கச்சி, பேர் இல்லாட்டிலும் ஆள் வந்திருப்பான். இன்னொருக்காப் பாருங்கோ" என்றா.

பெயர் இருந்தது. அந்த அம்மா சொன்ன பெயராக அது இல்லை. அவ சொன்னது வீட்டுப் பெயர். பொலிஸ் கொண்டுவந்த தாளில் இருந்தது அடையாள அட்டைப் பெயர். அதையும் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து எங்களில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியபோது, தகப்பன் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் ஒரு முதலெழுத்தாகவும் போய்விட்டது. பையிலிருந்து அம்மா எடுத்த அடையாள அட்டைப் பிரதியில் இருந்த இலக்கத்தை வைத்துத்தான் ஆளைப் பிடித்தோம். பொறுப்புத் தாதி ஒரு துண்டில் திகதியையும் அனுமதி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தா. இன்ன திகதி பொலிஸ் காவலில் அனுமதி, இன்ன திகதி பொலிஸ் காவலில் வெளியேற்றம். வேறொன்றும் இல்லை. அம்மா அந்தத் துண்டை முத்திரைபோல மடித்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனா. அதுவரைக்கும் அவவிடம் இருந்தது 'பிடித்தார்கள்' என்ற சொல். அன்றைக்குப் பிறகு, உயிரோடு, இன்ன திகதியில், அரசின் கையில் இருந்தான் என்பதற்கு ஒரு எழுத்து.

எழுத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது. 1982இல் நிரந்தரமானது. அதன்படி 72 மணித்தியாலம் நீதவானிடம் காட்டாமல் வைத்திருக்கலாம். பிறகு அமைச்சரின் கட்டளையோடு மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரைக்கும் வைத்திருக்கலாம். 2022இல் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். இந்தக் காலம் முழுக்க ஆள் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புத்தகத்தில் இருக்க வேண்டியதில்லை. சிறைச்சாலைக்குப் போய், "உங்களிடம் இன்னார் இருக்கிறாரா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். அது பொய்யாகக்கூட இராது. ஆள் வேறு இடத்தில், வேறு புத்தகத்தில்.

இந்த ஓட்டையை அடைக்கச் சட்டத்திலேயே முயற்சி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1991இல் மனித உரிமைகள் செயலணி என்று ஒன்றை அமைத்தார்கள். தடுத்து வைக்கப்பட்டோரின் பதிவேட்டைப் பேணுவது அதன் வேலைகளில் ஒன்று. பிறகு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு வந்தது. அதன் 28ஆம் பிரிவை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ அவசரகால விதியிலோ ஒருவரைப் பிடித்தால், பிடித்தவர் உடனடியாக, எப்படியும் 48 மணித்தியாலத்துக்குள், ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். இடம் மாற்றினால் அதையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே அறிவிக்காமல் விடுவது குற்றம். 2006 ஜூலையில் ஜனாதிபதியின் பணிப்புரை ஒன்றும் வந்தது. பிடிக்கிறவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும், ஆள் எங்கே இருக்கிறார் என்று குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று.

தாளில் பார்த்தால் இந்தியாவுக்கும் குறைந்ததல்ல. அங்கே டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னவை பிரபலம். கைதுக்கு ஒரு குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தவரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையொப்பம் போட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் பலகையில் அறிவிக்க வேண்டும். 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வைத்தியர் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கைதானவரின் பெயர், விலாசம், கைது செய்த அதிகாரியின் பெயர், பதவி எல்லாம் பலகையில் இருக்க வேண்டும் என்பது பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41சி பிரிவாகவே வந்தது. பலகை இருக்கிறது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தகப்பனும் மகனும் காவலில் செத்தார்கள். பலகையால் மட்டும் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று சொல்ல வருகிறேனே தவிர, பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுதான். 48 மணித்தியால அறிவிப்பு எல்லா இடத்திலும் போகவில்லை. அதனால் வன்னியின் அம்மாமார் தாங்களே ஒரு தேடல் முறையை உண்டாக்கினார்கள். முதலில் விதானையிடம் ஒரு கடிதம். பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதி. ஆணைக்குழுவில் முறைப்பாட்டு இலக்கம். ஐ.சி.ஆர்.சி.யில் பதிவு. 1989 தொடக்கம் அவர்கள் இலங்கையில் தடுப்பு முகாம்களுக்குப் போய் ஆட்களைப் பார்த்து, பெயர் பதிந்தார்கள். அவர்கள் பதிந்த ஆள் காணாமல் போவது குறைவு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே மகனை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், அம்மா அன்றைக்குத்தான் சாப்பிடுவா. பிறகு நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் போடுகிற பி அறிக்கை. அதன் இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விளக்கமறியல் எந்தச் சிறை என்று அதிலிருந்து போகலாம். கடைசியாக ஆட்கொணர்வு மனு. அதற்குக் கொழும்புக்கே போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம்.

இவ்வளவும் கேட்பதற்கு ஒரு ஒழுங்கு போலத் தெரியும். உண்மையில் ஒரு பஸ், இரண்டு சோதனைச் சாவடி, ஒரு நாள் கூலி இழப்பு, சிங்களம் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் செலவு. ஒவ்வொரு தாளுக்கும் அப்படி ஒரு நாள்.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் இழுத்தால் மன்னியுங்கள்.

வானம் தெளிந்த நாளில், எங்கள் ஊரின் பார்காரெல்லோ முனையில் நின்று வடக்கே பார்த்தால் ஊஸ்திகா என்ற சின்னத் தீவு ஒரு நிழல்போலத் தெரியும். இன்றைக்கு அது சுழியோடிகளின் தீவு. முன்பு அது கைதிகளின் தீவு. 1926இல் அந்தோனியோ கிராம்ஷியைப் பிடித்து முதலில் அங்கேதான் அனுப்பினார்கள். படித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அதற்குப் பதினைந்து வருடம் முந்தி, 1911 ஒக்டோபரில் இத்தாலி லிபியாவுக்குள் புகுந்து, திரிப்போலியில் நூற்றுக்கணக்கான ஆட்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி அதே தீவில் இறக்கியது. கிழவர்கள், பிள்ளைகள்கூட இருந்தார்கள். குளிர், நெரிசல், நோய். சில மாதத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களைப் புதைத்த இடத்தில் இன்றைக்கு ஒரு மயானம் இருக்கிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு லிபிய ஆய்வாளர்களும் தீவுக்காரரும் சேர்ந்து அந்தப் பெயர்களைத் தேடினார்கள். எங்கே தேடினார்கள்? ஊராட்சியின் மரணப் பதிவேட்டில். அரபுப் பெயரை ஒரு இத்தாலிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். யாருடைய மகன் என்பது குடும்பப் பெயராகி, ஊரின் பெயர் ஆளின் பெயராகி. திரிப்போலியில் இருக்கும் பேரன் தன் தாத்தாவை அந்தத் தாளில் எப்படிக் கண்டுபிடிப்பான்?

இதை வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவின் பொலித்தீன் பைதான் ஞாபகம் வந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர், பிள்ளை பெயர், அவ்வளவுதான். சிங்களத்தில் ழகரம் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதலாம். இத்தாலிக்கு வந்தால் தகப்பனுடைய பெயர் என்னுடைய குடும்பப் பெயராகிவிட்டது, கணவரின் குடும்பப் பெயர் வேறு, பிள்ளைகளுடையது வேறு. பள்ளிக்கூடத்தில் "நீங்கள் இந்தப் பிள்ளையின் தாய்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். வேடிக்கைதான். ஒரு சிறைச்சாலையின் யன்னலில் அதையே கேட்டால் வேடிக்கை இல்லை.

ஆகவே ஆளைத் தேடுகிறவர் பெயரை நம்பக்கூடாது. இலக்கத்தை நம்ப வேண்டும். இலங்கையின் பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 79123 என்று தொடங்கினால் 1979 மே 2இல் பிறந்த ஆண். பெண் என்றால் நாளோடு 500ஐக் கூட்டுவார்கள், 79623. 2016 தொடக்கம் வந்த புது அட்டையில் 12 இலக்கம், வருடம் முழுதாக இருக்கும். இத்தாலியின் வரி இலக்கமான கோதிச்சே பிஸ்காலேயிலும் இதேபோல ஒரு சூத்திரம் உண்டு. 16 எழுத்தும் எண்ணும். இங்கே பெண்ணுக்குப் பிறந்த திகதியோடு 40ஐக் கூட்டுவார்கள். இலங்கையில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் அதில் இசட் 209 என்று வரும். ஒரு நாட்டில் 500, இன்னொரு நாட்டில் 40. பெண்ணாகப் பிறந்ததற்கு எப்படியும் ஏதோவொன்று கூடுதலாகக் கட்டத்தான் வேண்டும்!

அடையாள அட்டை பற்றிச் சிசிலியில் இருக்கும் தமிழர் யாரும் ஒரு கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1996 நத்தார் இரவில், மால்ட்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவே, இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் நிறைந்த ஒரு படகு மூழ்கியது. 283 பேர் இறந்தார்கள். தப்பினவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை என்பதுபோல வருடங்கள் போயின. போர்த்தோபாலோ என்ற ஊரின் மீனவர் ஒருவருடைய வலையில் ஒரு உடுப்பு வந்தது. அதற்குள் ஒரு தமிழ்ப் பெடியனின் இலங்கை அடையாள அட்டை. அதை அவர் பத்திரிகையாளரிடம் கொண்டுபோனார். 2001இல் லா ரெபுப்ளிக்கா பத்திரிகை கடலடியில் கிடந்த படகைப் படம் எடுத்துப் போட்டது. ஒரு அட்டை, ஒரு இலக்கம். நாலரை வருடம் எல்லோரும் இல்லை என்றதை அது இருக்கிறது என்றது.

இத்தாலியில் இன்றைக்கு எங்கள் ஆட்களில் ஒருவரைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். யாரும் பார்க்கக்கூடிய கைதிகள் பட்டியல் இங்கே கிடையாது. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி, பொலிஸ் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் நீதித்துறைக்கு அறிவிக்க வேண்டும், அடுத்த 48க்குள் அது உறுதிசெய்யப்பட வேண்டும். இல்லாவிட்டால் விட வேண்டும். ஆக நாலு நாள். சட்டத்தரணி இல்லாவிட்டால் அரசே ஒருவரை நியமிக்கும். அவருடைய பெயரைத்தான் குடும்பம் முதலில் தேட வேண்டும். பலெர்மோவில் பெரியவர்களுக்கு இரண்டு சிறை. பழைய ஊச்சார்தோனே, அதன் பக்கத்தில் கட்டிய மண்டபத்தில்தான் 1986இல் மாஃபியாக்காரரின் பெரிய வழக்கு தொடங்கியது. மற்றது நகரத்தின் ஓரத்தில் பாலியாரெல்லி. சிறைக்குள் பெயர்ப் புத்தகம் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு மத்ரீகொலா என்று பெயர். தொலைபேசியில் கேட்டுப் பயனில்லை. உறவை நிரூபிக்கிற தாளோடு நேரில் போக வேண்டும். திரும்பவும், பெயர் பொருந்த வேண்டும்.

ஒரு விசயத்தைக் கவனியுங்கள். குடும்பத்துக்கு அறிவிப்பது பிடிபட்டவர் சம்மதித்தால்தான். தூதரகத்துக்கு அறிவிப்பதும் 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி அவர் கேட்டால்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தாய் இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தா. எனக்கு அவனில் கோபம் வந்தது. ஆனால் அகதி விண்ணப்பம் போட்டிருக்கிற ஒருவர் இலங்கைத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னால், அதை நான் எப்படிப் பிழை என்பேன்? அகப்பட்டிருப்பவருக்கு, தன்னை யார் கண்டுபிடிக்கலாம் என்று தீர்மானிக்கிற உரிமையும் வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இப்போது சிரிப்பீர்கள். அங்கே பல கவுன்டிகளில் ஷெரிஃப் அலுவலகமே பட்டியல் போடும், படத்தோடு. எந்தச் சின்ன ஊராக இருந்தாலும் இரவில் பிடித்தவனைக் காலையில் பார்க்கலாம். தேடுகிற தாய்க்கு அது வரம். ஆனால் வழக்குத் தள்ளுபடியானாலும் படம் நின்றுவிடும், வேலைக்குப் போன இடமெல்லாம் பின்னால் வரும். எங்கள் சமூகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெடியனின் படம் அப்படி வந்தால் தங்கச்சியின் கலியாணம் குழம்பும். என்னுடைய அபிப்பிராயம், பட்டியல் கட்டாயம் இருக்க வேண்டும், முழுதாக, அன்றன்றைக்கு. திறக்கிற கதவு குடும்பத்துக்கும் சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் இருக்க வேண்டும். தெருவுக்கு வேண்டாம்.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் கிட்டத்தட்ட இதையே கேட்டது. தடுத்து வைக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே தரவுத்தளம், உறவினர் பார்க்கக்கூடியதாக. அப்படி ஒன்று முழுமையாக வரவேயில்லை. அதைவிடப் பெரிய காயம் 2009 மே மாதத்தின் காயம். வட்டுவாகலில் குடும்பங்கள் தங்கள் கண்ணால் பார்த்துக் கையளித்த ஆட்கள். பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்கக் குருவானவர் பிரான்சிஸ் ஜோசப்பும் அவர்களோடு போனார். அந்த பஸ்களில் ஏறியவர்களின் பட்டியல் எங்கே? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் குந்தினார்களே, அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது இந்தப் பட்டியல். நட்டஈடு என்று பத்திரிகைகள் எழுதின. அவர்கள் கேட்டது பெயர்கள். அந்த வருடம் ஜூனில் ஜனாதிபதி நேரில் சந்தித்துப் பட்டியல் தருவதாகச் சொன்னார். தரவில்லை. அங்கே குந்திய அம்மாமாரில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விசயம். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 7ஆம் பிரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. சட்டம் வருவதற்கு முந்தியே இருந்த அரச பதிவேடுகளை, சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 வருடம் பாதுகாக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016, 2017இல். 10ஐக் கூட்டிப் பாருங்கள். பொலிஸ் தகவல் புத்தகம், வைத்தியசாலையின் அனுமதிப் புத்தகம், பெட் ஹெட் டிக்கெட், எல்லாம் அரச பதிவேடுகள்தான். அந்தப் 10 வருடத்துக்குப் பிறகு அவற்றை வைத்திருக்க இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு பதிவேட்டை யாராவது கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தால், அந்த விண்ணப்பமும் மேன்முறையீடும் முடியும்வரை அதை அழிக்கக்கூடாது.

ஆகவே, கேட்க வேண்டும். தகவல் தராவிட்டாலும் கேட்க வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று மறுப்பார்கள், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழுவுக்கு. கேட்கும்போது "என் அண்ணாவைப் பற்றிய தகவல்" என்று எழுதாதீர்கள். எந்த நிலையம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்தப் புத்தகம், அடையாள அட்டை இலக்கம், பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா விதமும். வைத்தியசாலையில் கேட்பதென்றால் வாட்டின் இலக்கத்தையும் போடுங்கள். புத்தகம் நிரப்பியவள் சொல்கிறேன், வாட்டு இலக்கம் இல்லாமல் எந்த எழுதுவினைஞரும் அலுமாரியைத் திறக்கமாட்டார்.

இன்னொரு சிக்கல் உண்டு. இந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்குத்தான். எங்களில் பாதிப்பேர் பிரெஞ்சு, கனேடிய, இத்தாலியப் பிரசைகள். இங்கே பலெர்மோவில் ஒரு அம்மாவுக்கு 78 வயது. மகளின் வீட்டில் இருக்கிறா. 1996இல் யாழ்ப்பாணத்தில் அவவின் மூத்தவனைப் பிடித்தார்கள். அந்த வருடம் அங்கே பிடிபட்டு வராமல் போனவர்கள் எத்தனையோ பேர். செம்மணியை 2025இல் திரும்பத் தோண்டியபோது அந்தச் செய்தியை அவவுக்குக் காட்டாமல் டிவியை நிற்பாட்டி வைத்தார்கள். அவ ஏற்கெனவே அறிந்திருந்தா. மகள் இத்தாலியப் பிரசை, விண்ணப்பிக்க முடியாது. அம்மாவிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். அதனால் அம்மாதான் கையொப்பம் போட்டா.

அவவின் சூட்கேஸை மேசையில் கொட்டி, நாங்கள் மூன்று பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து பிரித்தோம். விதானையின் கடிதம். முறைப்பாட்டுப் பிரதி, மை மங்கிவிட்டது. ஐ.சி.ஆர்.சி. துண்டு. பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தின் கரிப்பிரதி. பெடியன் பிடிபடுவதற்கு முந்திய மாதம் நெருப்புக்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த சிட்டைகூட இருந்தது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, திகதி வரிசையில் இலக்கம் போட்டோம். உங்கள் வீடுகளிலும் இப்படிச் சூட்கேஸ் இருக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால், ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் அது என்ன தாள் என்று அவர்களுக்கு விளங்கும் மொழியில் பென்சிலால் எழுதி வையுங்கள். பென்சில்தான், பேனை ஊறும்.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீட்டுக் கடிதத்தைப் போன கிழமை போட்டிருக்கிறோம். அம்மா கையொப்பம் போட்டுவிட்டு, "இதுக்கும் பதில் வராட்டி அடுத்த கடிதம் யாருக்கு?" என்று கேட்டா. தகவல் ஆணைக்குழுவுக்கு என்று சொன்னேன். விலாசத்தை இப்போதே எழுதி வை என்றா. எழுதி வைத்திருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். விண்ணப்பம் எழுதுவது பற்றிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம், என் கதைகளைப் பற்றியவை பிறகு வரட்டும்.